மோதிரத்தில் ஒரு நெல் அகலம்

என் மேசை இழுப்பறையில் காலியான தைல டப்பா ஒன்று இருக்கிறது. அதற்குள் பஞ்சில் பொதிந்து ஒரு மோதிரம். ஒரு பக்கம் வெட்டப்பட்டு, இரண்டு முனைகளும் விலகி, வாய் திறந்தபடி கிடக்கிறது. ஒரு நாளைக்கு நாலைந்து தடவையாவது எடுத்துப் பார்த்துவிட்டு வைக்கிறேன். பார்க்கப் பெரிதாக ஒன்றுமில்லை. வெள்ளைக்கார ராஜாவின் தலை போட்ட அரைப் பவுன் காசை உருக்கிச் செய்த வளையம், மேலே ஒரு சின்ன மல்லிகை மொட்டு, மொட்டின் நுனியில் கடுகளவு வைரம். திருப்பி அடிப்பக்கத்தைப் பார்த்தால்தான் விஷயம் தெரியும். அங்கே ஒரு நெல் அகலத்துக்கு மட்டும் தங்கத்தின் நிறம் வேறு. காசுத் தங்கத்தில் செம்பு கலந்திருப்பதால் மற்ற இடமெல்லாம் லேசாகச் சிவப்போடியிருக்கும். அந்தத் துண்டு மட்டும் நல்ல மஞ்சள். அது அங்கே எப்படி வந்தது என்பதை ஒருத்தியிடம் சொல்லிவிடுவதாக, அதைச் செய்தவருக்கு நான் வாக்குக் கொடுத்தேன். சொல்ல முப்பத்தெட்டு வருஷம் ஆயிற்று.

நான் உட்கார்ந்த இடத்தில் உட்காரத் தெரியாதவன். சோறு வெந்துவிட்டதா என்று மூடியைத் திறந்து திறந்து பார்ப்பவன், கப்பல் வருகிற நாளுக்கு முந்தின நாளே கரையில் போய் நிற்பவன். இப்படிப்பட்டவனுக்குக் கிடைத்த உத்தியோகமோ நிதானமாகச் செய்யவேண்டியது. மலாக்காவில் நில அளவை அலுவலகத்தில் அளவையாளன். இரும்புச் சங்கிலியை இழுத்துப் பிடித்து, எல்லைக்கல் தேடி, நோட்டில் குறித்துக்கொண்டு வரவேண்டும். உச்சி வெயிலில் சங்கிலி சற்று நீண்டுவிடும், அதற்குக் கணக்கில் கழிக்கவேண்டும் என்பதெல்லாம் எனக்கு அத்துபடி. அளவு விஷயத்தில் என்னை யாரும் ஏமாற்ற முடியாது என்று ஒரு மிதப்பு இருந்தது. இருபத்தாறு வயது மிதப்பு.

காஜா பெராங்கில் வீட்டுமனைகளை மறுபடி அளக்க அனுப்பினார்கள். அங்கே இருப்பவர்கள் மலாக்கா செட்டிகள். பல தலைமுறைக்கு முன் நம் பக்கத்திலிருந்து வந்து, இந்த மண்ணிலேயே பெண்ணெடுத்து ஊன்றிவிட்டவர்கள். நெற்றியில் திருநீறு, வீட்டுக்குள் சாமி படம், தெருவில் மாரியம்மன்; வாயைத் திறந்தால் மலாய். ஒரு வீட்டின் பின்கட்டில் என் ஆட்கள் சங்கிலியை இழுத்துக்கொண்டு போனபோது மிளகாய்ச் செடி இரண்டு ஒடிந்துபோயின. உள்ளேயிருந்து ஒரு பெண், தேங்காய் துருவிய கையோடு வந்து, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு என்னை மலாயில் வாங்கு வாங்கென்று வாங்கினாள். அரசாங்க முத்திரை போட்ட தொப்பியெல்லாம் அவளுக்கு ஒரு பொருட்டாகவே இல்லை. ஒரு நாளில் முடியவேண்டிய மனையை நான் மூன்று நாள் அளந்தேன். அலுவலகத்தில் கேட்டபோது, எல்லைக்கல் காணவில்லை என்று எழுதிக் கொடுத்தேன்.

அவளைக் கட்டிக்கொள்ள என் அம்மாவை ஒப்புக்கொள்ள வைக்க ஏழு மாதம் பிடித்தது. அப்பா இல்லாத வீடு. செமாபோக்கில் நாங்கள் இருவர் மட்டும். தமிழ் பேசாத மருமகளோடு நான் என்ன பேசுவேன், அவர்களுக்கு நம் முறை என்ன தெரியும் என்று அம்மா மூக்கைச் சிந்திக்கொண்டே இருந்தாள். அந்தப் பக்கத்துத் தயக்கம் இதைவிடப் பெரிது. இந்தியாவிலிருந்து வந்த தமிழர்கள் ஊரில் ஒருத்தியை வைத்துக்கொண்டு இங்கே இன்னொருத்தியைக் கட்டிக்கொண்ட கதைகள் அவர்கள் தெருவிலேயே இரண்டு மூன்று இருந்தன. பெண்ணின் அப்பா என்னிடம் நேராகவே கேட்டார். கல்யாணம் ஆகவில்லை என்று நான் சொன்னேன். எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள் என்றார்.

அவர்கள் முறைப்படி முதலில் ஒரு மோதிரம் தாம்பாளத்தில் போகவேண்டும். பெண்ணின் அத்தை அதை உள்ளே எடுத்துப்போய் விரலில் போட்டுவிட்டு வந்தால் பேச்சு உறுதி. தாம்பாளத்திலேயே திரும்பி வந்தால் அத்தோடு சரி, மறுபடி வாசல் ஏறக்கூடாது. எனக்கு மட்டும் இன்னொரு நிபந்தனையும் சேர்த்தார்கள். மோதிரம் கடையில் வாங்கியதாக இருக்கக்கூடாது, வீட்டில் இருந்த பழையதாகவும் இருக்கக்கூடாது. இவளுக்கென்று அளவெடுத்துப் புதிதாகச் செய்ததாக இருக்கவேண்டும். வேறொருத்தியின் விரலில் இருந்த மோதிரம் தங்கள் வீட்டுக்கு வந்துவிடக்கூடாது என்பதுதான் அதற்கு அர்த்தம். பேச்சு உறுதியாகும்வரை பெண்ணை நான் நேரில் பார்க்கக்கூடாது என்பதால், பீபிக் என்று அவர்கள் அழைக்கும் அந்த அத்தை, பெண்ணின் விரலில் நூலைச் சுற்றி முடிச்சுப் போட்டு, அந்த வளையத்தைத் தாளில் மடித்து என் அம்மாவிடம் கொடுத்தனுப்பினாள்.

நகை செய்யும் பத்தர் எங்கள் கதைக்குள் வருவது இங்கேதான். தட்டார் தெரு என்று அர்த்தப்படும் ஜாலான் துக்காங் எமாஸில், பிள்ளையார் கோயிலுக்குச் சற்றுத் தள்ளி, ஒரு கதவு அகலத்தில் அவர் பட்டறை. நாற்பதுக்குள் வயதிருக்கும். ஆள் குட்டை, தொந்தி உண்டு, காதில் எப்போதும் ஒரு துண்டுப் பென்சில். தெருவில் அவர் பெயர் போனது வேலையால் மட்டுமல்ல, சைக்கிளாலும்தான். புது சைக்கிள் ஒன்று வாங்கி வைத்திருந்தார், ஏறத்தான் தெரியாது. வாங்கிய அன்றே சாக்கடைக்குள் விழுந்து, அதே தெருவில் இருந்த மசூதியிலிருந்து வெளியே வந்துகொண்டிருந்த கூட்டம் மொத்தமும் சிரித்ததோடு அந்த ஆசையை விட்டுவிட்டார். ஆனால் சைக்கிளை விடவில்லை. எங்கே போனாலும் பக்கத்தில் தள்ளிக்கொண்டே நடப்பார். ஏன் இந்தப் பாடு என்று கேட்டால், சாமான் வைக்க வசதி என்பார். முகத்தில் சிரிப்பின் சுவடே இருக்காது.

நூலை அவர் உள்ளங்கையில் வைத்து வெகுநேரம் பார்த்தார். அது மஞ்சளாக இருந்தது. "தம்பி, இந்த நூல் நனைஞ்சிருக்கா?" என்று கேட்டார். இல்லை என்றேன். மஞ்சள் எப்படி வந்தது என்றார். அவர்கள் வீட்டு வழக்கமாக இருக்கும் என்றேன். அவருக்கு மனம் ஒப்பவில்லை. நனைந்த நூலை நம்ப முடியாது, இன்னொரு நூல் வாங்கி வாருங்கள், இல்லாவிட்டால் கேட்டாவது வாருங்கள் என்றார். நல்ல நாளுக்கு எட்டு நாள்தான் இருந்தது. மறுபடி ஆளனுப்பி நூல் கேட்டால் அவர்கள் என்ன நினைப்பார்களோ, நாள் தள்ளிப்போனால் பெண்ணின் அப்பா மனம் மாறிவிடுவாரோ என்று எனக்குள் ஒரே ஓட்டம். மறுநாள் போய், "கேட்டேன் பத்தரே, நனையலையாம்" என்றேன். நான் யாரையும் கேட்கவில்லை. ஒரே கூரையின் கீழ் இருக்கும் என் அம்மாவைக்கூடக் கேட்கவில்லை. அவர் என் முகத்தைப் பார்த்தார், பிறகு நூலைத் தீப்பெட்டிக்குள் வைத்தார்.

அந்த எட்டு நாளும் நான் அவரைப் படுத்திய பாடு கொஞ்சமல்ல. அலுவலகம் விட்டதும் நேரே பட்டறைதான். என் கண் முன்னால் காசை நிறுத்து, குகை என்ற சின்ன மண்கிண்ணத்தில் இட்டு உருக்கினார். கம்பியாக அடித்தார். நான் வாசற்படியில் நின்று காலை ஆட்டிக்கொண்டிருப்பேன். பூ எப்போது முடியும், கல் எப்போது பதிப்பீர்கள், மெருகு எப்போது என்று கேட்டபடியே இருப்பேன். ஒருநாள் அவர் ஊதுகுழலை வாயிலிருந்து எடுத்து, நீங்கள் போய் பிள்ளையாரை ஒன்பது சுற்றுச் சுற்றிவிட்டு வாருங்கள், அதற்குள் மொட்டு விரிந்துவிடும் என்றார். நிஜமாகவே போய்ச் சுற்றினேன். வந்தபோது உமி எரிக்கும் ஓட்டில் கனல் அடங்கியிருந்தது, அவர் பிடித்திருந்த சாமணத்தின் நுனியில் அந்த மல்லிகை மொட்டு. அவ்வளவு அழகான சாமானை நான் அதற்கு முன் கையில் வாங்கியதில்லை. என் சந்தோஷத்தில் அவருக்கு ஒரு நல்ல வார்த்தை சொல்லக்கூட மறந்துவிட்டேன்.

அந்த நாள் வந்தது. காஜா பெராங் வீட்டின் முன்கூடத்தில் பாய் விரித்து உட்கார்ந்தோம். வெற்றிலை, பழம், பூ, நடுவில் மோதிரம். அம்மா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், எதிரே பெண்ணின் அப்பா. பீபிக் மோதிரத்தை எடுத்துக்கொண்டு திரைக்குப் பின்னால் போனாள். உள்ளே பெண்களின் குரல் கேட்டது, பிறகு கேட்கவில்லை. எனக்குப் பாயின் கோரையெல்லாம் காலில் குத்த ஆரம்பித்தது. பீபிக் திரும்பி வந்தபோது மோதிரம் அவள் கையிலேயே இருந்தது. "தா மசுக்" என்றாள். ஏறவில்லை. விரலின் கணுவைத் தாண்டவே இல்லையாம். மோதிரத்தை அவள் தாம்பாளத்தில் வைத்த சத்தம் எனக்கு இன்றும் கேட்கும்.

பெண்ணின் அப்பா அதை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். அவர் குரல் உயரவே இல்லை. "இனி சின்சின் சியாப்பா?" என்றார். இது யாருடைய மோதிரம் என்று கேட்கிறார். உண்மையில் யாருடைய விரலுக்குச் செய்தது என்று கேட்கிறார். இவளுக்குத்தான் செய்தது என்றேன். அப்படியானால் ஏன் ஏறவில்லை என்றார். அம்மா தமிழில் ஏதேதோ பதறினாள், அங்கே யாருக்கும் புரியவில்லை. கடைசியில் அவர் ஒரே ஒரு நாள் தவணை கொடுத்தார். மோதிரத்தைச் செய்தவன் என்று ஒருவன் இருந்தால் நாளைக் காலை அவனை இங்கே கூட்டி வா, இல்லாவிட்டால் தாம்பாளத்தை எடுத்துக்கொள் என்றார். திரைக்குப் பின்னால் அவள் அழுவது கேட்டது. மிளகாய்ச் செடிக்காக என்னை ஏசிய அதே குரல்.

அங்கிருந்து பட்டறைக்கு எப்படி வந்தேன் என்று நினைவில்லை. மோதிரத்தை மட்டும் கையில் இறுக்கிப் பிடித்திருந்தேன். தொழுகை முடிந்து மசூதியிலிருந்து ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள், கோயிலிலும் கூட்டம் இருந்தது. அத்தனை பேருக்கும் நடுவில், வாசலில் நின்று, எவ்வளவு தங்கத்தை எடுத்தீர் என்று கேட்டேன். வளையத்தைக் குறைத்து மிச்சத்தை மடியில் கட்டிக்கொண்டீரா என்று கேட்டேன். கள்ளன் என்ற சொல்லையும் சொன்னேன். அதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம் என்று பிறகு நான் விரும்பாத நாளில்லை.

அவர் எழுந்திருக்கவில்லை. கையை நீட்டி மோதிரத்தை வாங்கித் தராசில் வைத்தார். எடை குறையவில்லை. தீப்பெட்டியைத் திறந்து என் நூலை எடுத்து மோதிரத்தோடு பொருத்தினார். மயிரிழை வித்தியாசமில்லை. பிறகு புதிதாக ஒரு வெள்ளை நூலை எடுத்து, சுண்டுவிரலில் அளவாகச் சுற்றி முடிச்சுப் போட்டுக் கழற்றினார். தண்ணீரில் முக்கி, கனலுக்கு மேலே காட்டிக் காயவைத்தார். காய்ந்ததும் அதே விரலில் போட்டுப் பார்த்தார். கணுவில் போய் நின்றுவிட்டது. "யாரு நனைச்சா, தம்பி?" என்று மட்டும் கேட்டார்.

எனக்கு அப்போதே விளங்கிவிட்டது. வீட்டுக்கு ஓடினேன். அம்மா மறைக்கவில்லை. "மங்கல காரியத்துக்கு யாராச்சும் வெறும் வெள்ள நூல குடுப்பாங்களாடா? அவங்களுக்குத் தெரியல. நான்தான் மஞ்சத் தண்ணில முக்கி சாமி மாடத்துல காயப் போட்டேன்" என்றாள். தான் செய்தது என்னவென்று நான் சொன்ன பிறகு தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். அவளைக் கோபிக்க முடியவில்லை. கோபிக்கவேண்டிய ஆள் நான்தான். வெயிலில் இரும்பு நீளும் என்று தெரிந்தவனுக்கு, தண்ணீரில் நூல் சுருங்குமா என்று ஒரு வார்த்தை வீட்டில் கேட்கப் பொறுமையில்லை.

மறுபடி பட்டறைக்குப் போனேன், இந்தத் தடவை மெதுவாக. உண்மையை அங்கே போய்ச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். பத்தர் நூலை விரலில் சுற்றிக்கொண்டே யோசித்தார். உங்கள் வீட்டு நூல் எங்களுக்கு ஆகாது, அதனால் மஞ்சளில் முக்கினோம் என்று அந்தத் தெருவில் போய்ச் சொல்லப் போகிறீர்களா என்றார். முறை தெரியாதவர்கள் என்று இந்தியத் தமிழர்கள் தங்களை இளக்காரமாகப் பார்க்கிறார்கள் என்ற புண் அவர்களுக்கு ஏற்கெனவே உண்டு. அவர்கள் வீடுகளில் பத்துப் பன்னிரண்டு வருஷமாக நகை செய்து கொடுத்தவருக்கு அது தெரிந்திருந்தது. "நூலக் காட்டினா மோதிரம் நிக்கும். சம்பந்தம் நிக்காது" என்றார்.

அப்போது நான் கேட்டேன். அன்றைக்குத்தான் ஊரைக் கூட்டிக் கள்ளன் என்று சொன்ன அதே வாயால் கேட்டேன். தவறு உங்கள் கையில் நேர்ந்தது என்று சொல்லிவிடுவீர்களா என்றேன். அவர் ஊதுகுழலை எடுத்து, உள்ளே ஈர்க்குச்சி விட்டுத் துடைத்தார். இந்த முனையிலிருந்து துடைத்தார், அந்த முனையிலிருந்து துடைத்தார். எனக்குக் கால் நிலைகொள்ளவில்லை. கடைசியில் சொன்னார்: "சொல்றேன். ஆனா கல்யாணம் ஆனப்புறம் அந்தப் பொண்ணுகிட்ட மட்டுமாச்சும் நீங்க உங்க வாயால உண்மையச் சொல்லிடணும். ஒருத்திக்காவது தெரியணும், நான் அளவு தப்ப மாட்டேன்னு." சத்தியமாகச் சொல்கிறேன் என்றேன்.

மறுநாள் காலை அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். முன்னால் உமி ஓடு, பின்னால் சாமான் பெட்டி. காஜா பெராங் வரைக்கும் நடந்தோம். நான் நாலடி முன்னால் போவதும் நின்று காத்திருப்பதுமாக இருந்தேன். வீட்டு முற்றத்தில் சைக்கிளை நிறுத்திவிட்டுக் கூடத்தில் ஏறி, பெண்ணின் அப்பாவுக்கு முன்னால் கைகட்டி நின்று, சந்தை மலாயில், "சாலா சாயா" என்றார். தவறு என்னுடையது. நூல் சரியாகத்தான் வந்தது, என் கைதான் தப்பிவிட்டது என்றார். பிறகு மோதிரத்தின் உட்புறத்தை அவரிடம் காட்டினார். அரம் ஓடிய கோடுகள் அங்கே இன்னும் கூர்மையாக இருந்தன. ஒரு மாதம் ஒருத்தி போட்டிருந்தால் இந்தக் கோடு மழுங்கியிருக்கும், இது எந்த விரலும் தொடாத மோதிரம், வேண்டுமானால் எந்தத் தட்டானிடமும் காட்டிக் கேளுங்கள் என்றார். பெண்ணின் அப்பா நகத்தால் அந்தக் கோடுகளைத் தடவிப் பார்த்தார். அவர் தோள் இறங்கியதை நான் பார்த்தேன்.

திரைக்கு வெளியே ஒரு கை வந்தது. பத்தர் நனையாத புது நூலால் அதன் விரலை அளந்தார். பிறகு முற்றத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்து, எல்லாரும் பார்க்க மோதிரத்தை அறுத்து, வாயை விரித்தார். இடைவெளி ஒரு நெல் அகலம். அதில் வைக்கத் தங்கம் வேண்டும். அதைப் பற்றி நான் நினைக்கவே இல்லை. அவர் தன் சாமான் பெட்டியிலிருந்து சின்னத் துண்டு ஒன்றை எடுத்து, வெட்டி, வெண்காரம் தடவி, ஒட்டுப்பொடி வைத்து ஊதினார். மூச்சு வாங்கியது. சுற்றி நின்ற பெண்கள், இவரா தட்டார், சைக்கிளும் ஓட்டத் தெரியாது மோதிரமும் செய்யத் தெரியாது என்று மலாயில் சொல்லிச் சிரித்தார்கள். அவருக்கு மலாய் நன்றாகவே புரியும். தலையைத் தூக்காமல் அரத்தை ஓட்டிக்கொண்டிருந்தார். மோதிரம் உள்ளே போனது. பீபிக் வெறுங்கையோடு திரும்பி வந்தாள், அடுத்த கணம் கூடம் முழுக்கப் பேச்சுச் சத்தம். நான் திரும்பிப் பார்த்தபோது அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு தெருமுனைக்குப் போய்விட்டிருந்தார்.

கல்யாணம் நடந்தது. பீபிக்குக்கு வாய் நீளம். அளவு தப்பிய தட்டாரின் கதை ஒரு மாதத்தில் காஜா பெராங்கில் எல்லா அடுப்படிக்கும் போய்ச் சேர்ந்தது. அந்த வீடுகளின் கல்யாண நகையெல்லாம் வேறு பட்டறைக்குப் போயிற்று. என் வாயிலிருந்து வந்த கள்ளன் என்ற சொல்லும் ஜாலான் துக்காங் எமாஸில் தன் வேலையைச் செய்தது. கடைத்தெருவில் பத்தர் என்னைப் பார்க்கும்போது, "சொல்லியாச்சா, தம்பி?" என்பார். அடுத்த வாரம் சொல்கிறேன் என்பேன். மூன்று தடவை கேட்டார். நான்காவது தடவை பார்த்தபோது, அம்மா நலமா என்று மட்டும் கேட்டார். அதற்குப் பிறகு நான் அந்தத் தெருவையே விட்டுவிட்டேன். அலுவலகத்துக்குச் சுற்றுவழியில் போனேன். ஜப்பான்காரன் வந்த சமயத்தில் பட்டறை பூட்டிக் கிடந்தது. மூவார் ஊருக்குப் போய்விட்டார் என்றார்கள், தெங்கேராவில் யாரோ பார்த்தார்கள் என்றும் சொன்னார்கள். நான் போய்த் தேடவில்லை.

முதலில் அம்மாவைச் சாக்காக வைத்திருந்தேன். மாமியாரும் மருமகளும் ஒரே வீட்டில் இருக்கும்போது மஞ்சள் நூலை எப்படி எடுப்பது? அவள் என் அம்மாவிடம் சண்டை போட்டுப் போட்டே தமிழ் கற்றுக்கொண்டவள். அம்மா போன பிறகு அந்தச் சாக்கும் போய்விட்டது, ஆனாலும் வாய் வரவில்லை. அதற்குள் அந்தக் கதை எங்கள் வீட்டுச் சொத்தாகியிருந்தது. பொங்கலுக்குப் பிள்ளைகள் கூடினால், பிறகு பேரப்பிள்ளைகள் கூடினால், அவள் எழுந்து நின்று நடித்துக் காட்டுவாள். தொந்தியைத் தள்ளிக்கொண்டு, இல்லாத சைக்கிளை இரண்டு கையாலும் பிடித்துக் கூடத்தைச் சுற்றி வருவாள். "சாலா சாயா" என்று மூக்கால் சொல்வாள். பிள்ளைகள் உருண்டு சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன், பிறகு எழுந்து பின்கட்டுக்குப் போய்ச் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவேன்.

சென்ற வருஷம் அவளுக்குச் சிறுநீரகக் கோளாறு வந்து கை கால் வீங்கிவிட்டது. மோதிரம் விரலில் புதைந்து, விரல் நீலம் பாரித்தது. ஆஸ்பத்திரியில் பகல் வேளை. தாதி ஒருத்தி சின்ன வெட்டுக்கருவியோடு வந்தாள். எங்கே வெட்டலாம் என்று மோதிரத்தைத் திருப்பிப் பார்த்தாள். பழைய ஒட்டு அவள் கண்ணில் பட்டது. இங்கேதான் சுலபம் என்று சொல்லி அந்த மஞ்சள் துண்டின் மேல் கருவியை வைத்தாள். என் கை என்னைக் கேட்காமலே போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டது. அங்கே வேண்டாம், வேறு எங்கு வேண்டுமானாலும் வெட்டுங்கள் என்றேன். அவள் என்னை விநோதமாகப் பார்த்துவிட்டு, பக்கத்தில் தள்ளி வெட்டினாள்.

தாதி போன பிறகு என் மனைவி கேட்டாள். மலாயில் மனைவி கணவனை அழைப்பதுபோல, என்னை அவள் அபாங் என்றுதான் கூப்பிடுவாள். "அபாங், அங்க ஏன் வெட்டக்கூடாது?"

சொன்னேன். கட்டில் பக்கத்து முக்காலியில் உட்கார்ந்து, நூலிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். கேட்காமலே கேட்டேன் என்று பத்தரிடம் பொய் சொன்னது, தெருவில் கத்தியது, அவர் கேட்ட ஒரே ஒரு வாக்கு, அந்த மஞ்சள் துண்டு அவருடைய தங்கம் என்பது. அந்த ஒரு தடவை மட்டும் என் கால் ஆடவில்லை. அவள் கண்ணை மூடியிருந்தாள். தூங்கிவிட்டாள் என்றுகூட நினைத்தேன்.

"அந்த ஆளு இருக்காரா?" என்றாள்.

தெரியாது என்றேன்.

கண்ணைத் திறந்து, "நூல் விஷயம் எனக்குப் பெருசு இல்ல. உங்கம்மா அப்படித்தான்னு எனக்குத் தெரியாதா? ஆனா நான் அவர மாதிரி நடந்து காட்டுவேன். ஒவ்வொரு வருஷமும். நீங்க பக்கத்துல உக்காந்து சிரிச்சீங்க" என்றாள்.

அவள் குணமாகி வீட்டுக்கு வந்தாள். வீக்கம் வடிந்தது. மகன் மோதிரத்தை எடுத்துக்கொண்டு போய் ஒட்ட வைத்து வருகிறேன் என்றான். வேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்று அவள்தான் அதைத் தைல டப்பாவில் போட்டு, தன் அலமாரியில் வைக்காமல் என் மேசை இழுப்பறையில் வைத்தாள். நான் ஆளனுப்பி மூவாரில் விசாரித்தேன், தெங்கேராவில் நானே போய் வீடு வீடாகக் கேட்டேன். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகும் ஒருவரை ஞாபகம் இருக்கிறது என்று ஒரு கடைக்காரர் சொன்னார், அதற்கு மேல் அவருக்கும் ஒன்றும் தெரியவில்லை.

இந்தப் பொங்கலுக்குப் பேரப்பிள்ளைகள் வழக்கம்போல அவளைச் சூழ்ந்துகொண்டு, பாட்டி, சைக்கிள் தட்டார் கதை என்றார்கள். அவள் எழுந்திருக்கவில்லை. "இனி தாத்தா சொல்லுவாரு" என்று என் பக்கம் கையைக் காட்டினாள். மோதிரம் இருந்த இடத்தில் விரல் இன்னும் சற்றுப் பள்ளமாக, வெளுத்துப்போய் இருந்தது. நான் இழுப்பறையைத் திறந்து டப்பாவை எடுத்து வந்தேன். மோதிரத்தை உள்ளங்கையில் வைத்து, அந்த நெல் அகலத்தை எல்லாருக்கும் காட்டினேன். ஒரு ஊரில் அளவு தப்பாத ஒரு பத்தர் இருந்தார் என்று ஆரம்பித்தேன். சைக்கிள் வந்தபோது பிள்ளைகள் சிரித்தார்கள். அவள் சிரிக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள், நான் மேலே சொன்னேன்.